முப்பது கிளிக்குகளுக்குள் ஒரு மலைப்பாதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன்மலை ஏறும் சாலை, ஒரே பயணத்தில் காரின் சஸ்பென்ஷனுக்கு மூன்று விதமான தேர்வு வைத்துவிடும். ஊர்களுக்குள் வேகத்தடைகள். அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் மிதித்த தார். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை நோக்கித் திரும்பினால் ஏற்றமும் வளைவும். வேகத்தடைக்கு இதமாக இருக்கும் வண்டி வளைவில் சாய்கிறது. வளைவில் நிமிர்ந்து நிற்பதோ வேகத்தடையில் முதுகைப் பதம் பார்க்கிறது.

இந்த முரணைத் தீர்க்கத்தான் கார்ப் பித்துப் பிடித்த இளைஞர்கள் காயில்ஓவர் மாட்டுகிறார்கள். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தொகுப்பு அது. சாதாரண கார்களின் முன் சக்கரத்தில் இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் அமைப்பில் இதற்கு உறவுதான். வித்தியாசம், காயில்ஓவரில் உயரத்தையும் டேம்பிங்கையும் நாமே மாற்றலாம் என்பதில் இருக்கிறது. உயரத்துக்கு மரை போட்ட உடல். டேம்பிங்குக்கு ஒரு சிறு திருகு. திருப்பினால் ‘கிளிக், கிளிக்’ என்று படிப்படியாக நகரும். டெய்ன் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸ் இசட் வகையில் 16 படிகள். பிசி ரேசிங்கின் பிஆர் வகையில் 30.

டேம்பிங் என்றால் என்ன? டேம்பர், அதாவது ஷாக், இல்லாத ஸ்பிரிங் ஆட்டிவிட்ட தூளியைப் போல. விட்ட பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய், பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியே பிதுங்கிப் போகும்போது அந்த ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் கரைகிறது. கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடிய காரின் ஷாக் சூடாக இருப்பது இதனால்தான். சக்கரம் மேலே அமுங்கும்போது வேலை செய்வது கம்ப்ரஷன். திரும்பி நீளும்போது வேலை செய்வது ரீபவுண்ட். ஒரே திருகு உள்ள காயில்ஓவர்களில் பெரும்பாலும் ரீபவுண்ட்தான் அதிகம் மாறும், கம்ப்ரஷன் கொஞ்சம் கூடவே வரும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங்கும், இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரும். எவ்வளவு சீக்கிரம் சாயும் என்பது மட்டும்தான் டேம்பரின் அதிகாரம். நீளமான வளைவில் சாய்ந்து நிலைத்துவிட்ட காருக்கு டேம்பர் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும் முதல் நொடி, பிரேக்கை விடும் கணம், இடமிருந்து வலத்துக்குப் புரளும் கணம் ஆகியவைதான் அதன் நேரம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டேம்பர் தொழிலில் ‘மெதுவேகம்’, ‘அதிவேகம்’ என்று பேசுவது காரின் வேகத்தை அல்ல, பிஸ்டனின் வேகத்தை. கார் சாயும்போது பிஸ்டன் நொடிக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே நகரும். பள்ளத்தில் விழுந்தால் அந்த வேகம் நொடிக்கு ஒரு மீட்டரையே தாண்டலாம். விலை குறைந்த காயில்ஓவர்களின் திருகு, எண்ணெய் போகும் பக்கவழியைத்தான் திறந்து மூடுகிறது. அதன் ஆட்சி பெரும்பாலும் மெதுவேகத்தில்தான். பெரிய அடியைத் தாங்குவது பிஸ்டன் மீது அடுக்கிய மெல்லிய எஃகுத் தகடுகள். அதனால் ‘பள்ளத்தில் இடிக்கிறது’ என்று திருகை எவ்வளவு இளக்கினாலும் ஓரளவுக்குத்தான் பலன். அங்கே குற்றவாளி, அழகுக்காகத் தாழ்த்திய உயரமாகவே இருக்கக்கூடும். அமுங்க இடமில்லாமல் ஷாக், பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்புக் கட்டையில் போய் முட்டுகிறது.

அமைக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். திருகை மென்மையாக இறுகும்வரை கடிகார திசையில் திருப்ப வேண்டும்; அது பூஜ்யம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, நான்கு சக்கரத்தையும் நடுவில் வைப்பது நல்ல தொடக்கம். 30 படி என்றால் 15. டயரில் காற்றழுத்தம் சரியாக இருந்தால்தான் எந்தச் சோதனைக்கும் அர்த்தம். பிறகு ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டி, முன்பக்கம் அல்லது பின்பக்கம் மட்டும் இரண்டிரண்டு கிளிக்காக மாற்ற வேண்டும். இடமும் வலமும் எப்போதும் ஒரே எண். குறித்து வைக்காதவர் மாலைக்குள் குழம்பிவிடுவார்.

சோதனைக்கு வேகத்தடை கைவசமே இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு ஐஆர்சி 99 விதி வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் வகுத்தது. ஊர்களில் எழும்பி நிற்பவை எந்த விதிக்கும் கட்டுப்பட்டவையல்ல என்பது வேறு கதை. ஏறி இறங்கியபின் கார் ஒருமுறை எழுந்து, அமர்ந்து, நின்றுவிட்டால் டேம்பிங் சரி. இரண்டு மூன்று முறை குதித்தால் இளக்கம் அதிகம். ஆடாமல் விறைத்துத் தூக்கிப் போட்டாலோ, சின்னக் கூழாங்கல்லில்கூட டயர் தரையை விட்டாலோ இறுக்கம் அதிகம். ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்கினால் ஒரு பள்ளத்திலிருந்து சக்கரம் மீண்டு நீளுமுன் அடுத்தது வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். மலைப்பாதையில் பிடிமானம் போவதற்கு இது ஒரு காரணம். இறுக்கமான செட்டிங்தான் வேகமான செட்டிங் என்ற நம்பிக்கை நம் சாலைகளில் பொய்த்துப்போகிறது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தாரில் இன்னும் இரண்டு கிளிக் இளக்குவது நல்லது.

ஆட்டோகிராஸ் வேறு உலகம். தனித்தனியாக நேரத்தோடு மோதும் ஓட்டம் அது. அமெரிக்காவில் அந்தப் பெயர் தார்த்தளத்தில் கூம்புகளுக்கு நடுவே நடக்கும் ஓட்டத்தைக் குறிக்கிறது. இந்தியாவிலோ பெரும்பாலும் மண் தடம். அமெரிக்கக் காணொளி பார்த்துக் கிளிக் எண்ணிக்கையைக் காப்பியடிப்பவர் முதல் சுற்றிலேயே திணறுவது இதனால். கூம்புத் தடத்தில் உடல் சட்டென்று புரளாதிருக்க இறுக்கம் உதவும். புழுதியில் சக்கரம் மண்ணை விடாமல் தொடர இளக்கமும் அமுங்க இடமும் வேண்டும்.

ஸ்விஃப்ட், போலோ போன்ற முன்சக்கர இழுவைக் கார்களின் பொதுக் குறை, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போக முயல்வது. முன்பக்கத்தில் இரண்டு கிளிக் இளக்கி, பின்பக்கத்தில் இரண்டு இறுக்கினால் வளைவுக்குள் நுழையும்போது வால் கொஞ்சம் சுழன்று உதவும். இதே செட்டிங்கில் மழை நாளில் வெள்ளிமலையிலிருந்து இறங்குவது புத்திசாலித்தனமல்ல. பள்ளிப் பிள்ளைகளும் மலைவாசிகளும் நடக்கும் அந்தச் சாலை யாருடைய தடமும் அல்ல. வேகம் பார்க்கக் கோவை செட்டிப்பாளையத்தில் 2003 முதல் இயங்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடமும் உண்டு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவு விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாகங்களை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது செலவில்லாத வேலை.

கோவையில் ஓட்டம் முடித்துக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்புகிறவர் கிளம்புமுன் நான்கு திருகையும் சாலைக்கான கிளிக் எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால், சேலம் தாண்டி வாழப்பாடி வருவதற்குள் பின் இருக்கையிலிருந்து புகார் வந்துவிடும்.