சீறும் குட்டிக்கு எத்தனை வாரம்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள். உள்ளே எஞ்சின் சூட்டுக்குப் பூனைக்குட்டி சுருண்டு கிடக்கும். இன்வர்ட்டர் பெட்டியின் பின்புறம், மொட்டைமாடியில் உடைந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர்க் கட்டு என்று, தாய்ப்பூனை குட்டி போடத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் நமக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு நாள் காலையில் மெல்லிய கத்தல் கேட்கும். குனிந்து பார்த்தால் மூன்று ஜோடிக் கண்கள். கையை நீட்டினால், உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த உருவம் வாயைப் பிளந்து சீறும்.

உடனே நமக்கு இரண்டில் ஒன்று தோன்றும். "ஐயோ, தாயில்லாத குட்டி" என்று அள்ளிக்கொள்வோம். அல்லது "இது முரட்டுக் குட்டி, பழகாது" என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் இரண்டுமே தப்பு.

முதலில் அள்ளுவதைப் பார்ப்போம். நிலைகொள்ளாமல் அலைபவரைக் "குட்டி போட்ட பூனை மாதிரி" என்கிறோம். குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பூனை ஏழு வீடு மாறும் என்று பாட்டிமார் சொல்வார்கள். ஏழோ, மூன்றோ, இடம் மாற்றுவது உண்மை. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகிற அந்தப் பாதி வேலையில் நாம் வந்து நிற்போம். நம் கண்ணில் படும் 'அநாதைக் குட்டி', அடுத்த நடைக்குக் காத்திருக்கும் குட்டியாக இருக்கலாம். இரை தேடிப் போன தாய் சில மணி நேரம் வராமலும் இருக்கலாம். நாம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அது நிச்சயம் வராது.

எனவே குட்டிகளுக்கு உடனடி ஆபத்து இல்லை என்றால் விலகிப் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். இராத்திரி முழுக்கக் கண்விழிக்க முடியாது அல்லவா? குட்டிகள் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிமாவு தூவிவிட்டுப் படுங்கள். காலையில் பெரிய காலடித் தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. குட்டியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வயிறு உருண்டு, உடம்பு சுத்தமாக, ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கினால் கவலை இல்லை. எலும்பு துருத்தி, அழுக்கேறி, விடாமல் கத்தினாலோ, தொட்டால் ஜில்லென்று கிடந்தாலோதான் நாம் இறங்க வேண்டும். வெள்ளம் ஏறுகிறது, நாய் சுற்றுகிறது என்றால் நாலடி தள்ளி உலர்ந்த அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொதுவாக உண்மையல்ல. அது தேடி வந்து தூக்கிக்கொள்ளும்.

அடுத்தது வயது. பூனைக்குட்டி விஷயத்தில் எல்லாமே வாரக் கணக்குதான். கண் மூடியிருந்தால் பிறந்து பத்து நாளுக்குள். கண் திறந்து தள்ளாடினால் இரண்டு வாரம். முன்பற்கள் அரிசி நுனி போலத் தெரிந்தால் மூன்று வாரம். காது நிமிர்ந்து, ஓடி விளையாடினால் நாலு, ஐந்து வாரம். ஆரம்பத்தில் எல்லாக் குட்டிக்கும் கண் நீலமாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறத் தொடங்கும். எடையில் ஏறத்தாழ மாதத்துக்கு அரைக்கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. தெருக்குட்டி மெலிந்திருக்கும் என்பதால் தராசை மட்டும் நம்பாமல் பல்லையும் கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வயதுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர், மூன்றாவது வாரத்திலிருந்து கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகளையும், ஏழாவது வாரத்துக்குப் பிறகு பழக்கியவற்றையும், பழக்கவே படாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சீக்கிரம் கைபட்டவை மனிதர்களிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டியின் மூளை 'யார் நம்மவர்' என்று எழுதி வைத்துக்கொள்கிறது என்ற புரிதல் அப்படித்தான் வந்தது. அந்தப் பட்டியலில் மனிதர் இடம்பெறாவிட்டால் மனிதர் எதிரிதான். சாண்ட்ரா மெக்கியூன் 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. தைரியமான, மனிதரோடு ஒட்டும் கடுவனுக்குப் பிறந்த குட்டிகளும் தைரியமாக இருந்தன. குட்டியை எட்டிக்கூடப் பார்க்காத அப்பனிடமிருந்து வந்த குணம் அது. அதனால்தான் ஒரே ஈற்றில் ஒன்று மடியில் ஏறும், ஒன்று பீரோவுக்கு அடியிலேயே குடியிருக்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன் இருப்பதும் பூனைகளில் சகஜம்.

நடைமுறையில் இதன் பொருள்: ஐந்து வாரக் குட்டி சில நாளில் மசியும். எட்டு வாரக் குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்று மாதம் தாண்டியது மாதக் கணக்கில் இழுக்கும், கடைசியில் ஒரே ஒருவரிடம் மட்டும் பழகும். நாலைந்து மாதமாகியும் மனிதக் கை படாத குட்டியை வலுக்கட்டாயமாக வீட்டுக்குள் அடைப்பது, என் கருத்தில், உதவியே அல்ல. அதற்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டு, சோறு வைப்பதுதான் நல்லது.

பிடிக்கப் போவதற்கு முன் ஒன்று யோசிக்க வேண்டும். பழக்குவது என்றால் குட்டியின் பயத்தைக் கழற்றுவது. தெருவில் அதற்கு இருக்கும் ஒரே கவசம் அந்தப் பயம். மூன்று வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, "இப்போது நன்றாகப் பழகிவிட்டது" என்று மறுபடி தெருவில் விட்டால், அது நாயைக் கண்டும் ஓடாது, கல்லெறியும் பையனைக் கண்டும் ஓடாது. எனவே வீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குட்டி மேல் கை வைக்க வேண்டும். உங்கள் வீடோ, கேட்டுவைத்த இன்னொரு வீடோ. "பிறகு யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்பவர்களின் வீட்டில் ஆறாவது மாதம் ஐந்து பூனை இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

தாய் உயிரோடு, இடமும் பாதுகாப்பாக இருந்தால் ஐந்தாறு வாரம் வரை குட்டிகள் தாயிடமே இருக்கட்டும். அதற்கு முன்பே தாயை இழந்த குட்டி என்றால் வேலை கடினம், கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் போகும்வரை மூன்றை மறக்கக் கூடாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது; துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலால் உடம்பு சூடேறிய பிறகுதான். பசும்பால் கூடாது, அதிலுள்ள லாக்டோஸ் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், சின்னக் குட்டி அதிலேயே போய்விடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் விற்கிறது. மூன்றாவது, குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது போல மல்லாத்திப் புகட்டக் கூடாது. தாயிடம் குடிக்கும்போது இருப்பது போலக் குப்புற, தலை சற்றுத் தூக்கியபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போகும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடுவதை ஈரப்பஞ்சால் நாம் செய்ய வேண்டும்.

இனி பிடிப்பது. வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ தன்னை முழுக்கத் தாயின் வாயில் ஒப்படைத்துவிடும், பக்தன் அப்படி இருக்க வேண்டும் என்று தென்கலையார் எடுத்துக்காட்டுவார்கள். உவமையில் உடற்கூற்று உண்மை இருக்கிறது. பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி தானாகவே தளர்ந்து, காலை மடக்கிக்கொள்ளும். ஆனால் தாய்க்குத் தெரிந்த அந்த அழுத்தம் நம் விரலுக்குத் தெரியாது. பிடரியைப் பிடித்துத் தொங்கவிடாமல், தடித்த துண்டை மேலே போட்டு, பொட்டலம் போலச் சுருட்டி, அடியில் கை கொடுத்து எடுங்கள்.

கடித்தாலோ, இரத்தம் வரக் கீறினாலோ, "சின்னக் குட்டிதானே" என்று விடாதீர்கள். ரேபிஸ் பூனையாலும் வரும், வந்தால் மருந்து கிடையாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்.

வீட்டுக்குள் வந்த குட்டிக்கு முழு வீட்டையும் திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால் மூன்று நாளைக்கு அதன் வாலைக்கூடப் பார்க்க முடியாது. சின்ன அறையோ, அதிகம் புழங்காத குளியலறையோ, பெரிய நாய்க்கூண்டோ போதும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஒரு தட்டில் மணல், தண்ணீர். மணலைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாலு வாரக் குட்டியே தோண்டி, இருந்து, மூடிவிட்டு நம்மைப் பெருமையாகப் பார்க்கும்.

பழக்கும் கலையின் முக்கால் பங்கு சாப்பாடு. உணவை எந்நேரமும் வைத்துவிட்டுப் போனால் குட்டிக்கு நீங்கள் தேவையில்லை. நீங்கள் வரும்போதுதான் உணவும் வர வேண்டும். பட்டினி போடச் சொல்லவில்லை. சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலைந்து வேளை, ஒவ்வொரு வேளையும் உங்கள் முன்னால். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழி, முள் நீக்கிய வெந்த மீன், குட்டிகளுக்கான ஈர உணவுப் பாக்கெட் எல்லாம் ஆகும். தயிர்ச்சோறு தின்று வளர்ந்த பூனைக் கதைகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அந்தப் பூனைகள் மீதி உணவை எலியிடமும் பல்லியிடமும் பார்த்துக்கொண்டன. டாரின் என்ற சத்து இறைச்சியில்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

முதல் நாள் தரையில் உட்கார்ந்து, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, குட்டியைப் பார்க்காமல் பேப்பர் படியுங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதர் அதற்குப் பனைமரம். நேராக முறைத்துப் பார்ப்பது பூனை பாஷையில் சண்டைக்கு அழைப்பு. கண்ணை மெல்ல மூடித் திறந்தால் பூனைகள் பதிலுக்கு அப்படியே செய்வதையும், அப்படிச் செய்யும் அந்நியரை நோக்கி வர விரும்புவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். வேளைக்கு வேளை தட்டை ஒரு சாண் இழுங்கள். மூன்றாம் நாள் தட்டு உங்கள் முழங்காலருகே இருக்கும். அப்புறம் நீளமான கரண்டி நுனியில் உணவு, பிறகு விரல் நுனியில். நக்கும்போது மறு கையால் கன்னத்தையும் தாடையையும் லேசாகத் தடவுங்கள். தலைக்கு மேலிருந்து வரும் கை பருந்து போலத் தோன்றும் என்பதால் பக்கவாட்டில் வர வேண்டும்.

சீறினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சீறினால் மனிதர் ஓடுகிறார் என்று அது கற்றுக்கொள்ளும். கையை அப்படியே நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு மெதுவாக எடுங்கள். சீறல் கோபமல்ல, பயம். பயத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. உணவுக்கும் வராத குட்டியிடம் விளையாட்டு எடுபடும். துடைப்பக்குச்சி நுனியில் கயிற்றைக் கட்டித் தரையில் இழுத்தால், பயந்துகொண்டே ஒரு பாதம் வெளியே வரும். விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடல் சிக்கிக்கொள்ளும்.

மூன்று குட்டிகள் சேர்ந்திருந்தால் மிரள்கிற ஒன்றைப் பார்த்து மற்றவையும் மிரளும். ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் தினமும் சிறிது நேரம் தனித்தனியாகப் பிரித்துப் பழகுங்கள். துண்டில் சுருட்டி மடியில் வைத்து, நெற்றியைத் தடவி, ஒரு வாய் கோழி கொடுத்து, அது திமிறும் முன்பே இறக்கிவிடுங்கள். ஒரு நாள் தொண்டையில் குர்குர் சத்தம் ஓடும். அந்த நொடிக்காகத்தான் இத்தனை பாடும். பயத்திலும் வலியிலும்கூடப் பூனை அப்படிச் சத்தமிடும் என்பதால், உடம்பு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுக்க வேண்டும். குக்கர் விசிலும் மிக்சியும் தூரத்தில் கேட்டுக் கேட்டுப் பழகட்டும்.

மருத்துவரை முதல் ஓரிரு நாளிலேயே பார்த்துவிடுங்கள். குடற்புழு மருந்து உடனே, மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி எட்டு வாரத்தில், ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரமாவது ஒன்றையொன்று பார்க்காமல் வையுங்கள். பூனைகளின் பார்வோ நோய்க்கிருமி தரையில் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். வீட்டுக்குள்ளேயே மூன்று எமன்கள் உண்டு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருக்கலாம். பூனைக்கு அது விஷம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே கொல்லும். தரை துடைக்கும் பினாயிலும் ஆகாது. பாதத்தில் பட்டு, நக்கும்போது உள்ளே போகும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் மணல் தட்டை வேறொருவர் தினமும் மாற்றட்டும்.

குட்டிகள் வீடு போய்ச் சேர்ந்ததும் கணக்கு முடிந்ததாக நினைக்கிறோம். தாய் இன்னும் சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படவும் செய்யும். குட்டிகள் பால் மறந்ததும் அதைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடை செய்ய வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்போ, தெருவோரக் கிளினிக்கோ, எங்கே செய்வதானாலும் முன்பே நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் வரை கூண்டுக்குள்ளேயே சாப்பாடு வைத்துப் பழக்கினால் பாதி வேலை குறையும். எதற்கும் மசியாத கிழட்டுப் பூனையும் சுட்ட கருவாட்டு வாசத்துக்கு உள்ளே நுழைந்துவிடும். மயக்கத்திலிருக்கும்போதே காது நுனியை லேசாகக் கத்தரித்துவிடச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் வேறு யாராவது கூண்டோடு வந்தால், அந்தக் காதைப் பார்த்து விட்டுவிடுவார்கள்.