மேடையில் மறைவது ஏட்டில் நிலைக்கட்டும்

ஓவியன் மறைந்தாலும் அவன் தீட்டிய ஓவியம் சுவரில் இருக்கும். சிற்பி மறைந்தாலும் அவன் செதுக்கிய சிலை நிற்கும். நாடகக் கலைஞனுக்கோ அப்பேறு வாய்ப்பதில்லை. விடியற்காலையில் அரிதாரம் கலையும்போதே, இரவெல்லாம் அவன் படைத்த உலகமும் கலைந்துவிடுகிறது. எஞ்சுவன, கண்டவர் நெஞ்சில் உள்ள நினைவும் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சில புகைப்படங்களுமே.

1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், தம் அனுபவங்களை 'நாடக மேடை நினைவுகள்' என்று எழுதி வைத்தார். 1918இல் சிறுவராகச் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்த அவ்வை தி. க. சண்முகம், தமது இறுதிக் காலத்தில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலைத் தந்தார். அவர்கள் எழுதியதால் நாம் அறிகிறோம். எழுத நேரமும் வசதியும் இல்லாத சிற்றூர்க் கலைஞரின் வாழ்வை யார் காப்பது? அக்கடமை அவருடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சார்ந்தது. அதற்கு எளிய வழி, அவரது வாழ்வைப் புகைப்பட நூலாகத் தொகுப்பதாகும்.

திருத்தணிப் பகுதியிலே

திருத்தணியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் திரௌபதியம்மன் திருவிழாவின்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுதல் வழக்கம். அருச்சுனன் தவத்திற்கு உயர்ந்த மரம் நடுவர், துரியோதனன் படுகளத்திற்கு மண்ணால் பேருருவம் அமைப்பர், அதன்பின் தீமிதி. தலைமுறை தலைமுறையாக இக்கூத்தாடிய குடும்பங்களில் பழைய படங்கள் இன்றும் இருக்கக்கூடும்.

இப்பகுதிப் படங்களுக்கு விளக்கம் எழுதுகையில் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1953 வரை திருத்தணி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே படத்தின் பின்புறம் 'சித்தூர் ஜில்லா' என்றிருந்தால் அதனைப் பிழையென்று அடிக்கலாகாது. படம் எடுத்த காலத்தைக் கணிக்க அதுவே சான்று. படத்தில் காணும் விளக்கும் அவ்வாறே: தீவட்டியா, பெட்ரோமாக்ஸா, குழல் விளக்கா என்று நோக்கினால் காலம் ஓரளவு புலப்படும்.

முதலில் பெயர்கள்

படங்களை ஒட்டத் தொடங்குமுன் பெரியவரின் அருகில் அமருங்கள். ஒவ்வொரு படத்தையும் அவர் கையில் கொடுத்து, ஊர், ஆண்டு, நாடகம், வேடம், உடனிருப்போர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிரீடம் அணிந்தவரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஓரத்தில் மிருதங்கத்தோடு இருப்பவர் யார்? முகவீணை வாசித்தவர் யார்? கல்யாண முருங்கைக் கட்டையில் புஜக்கட்டை செதுக்கித் தந்தவர் யார்? இவ்விவரங்களை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் கண் மூடிய பின், அப்படங்களில் உள்ளோர் பெயரற்ற அந்நியர் ஆகிவிடுவர். படத்தின் பின்புறம் எழுதுவதற்கு மென்மையான பென்சிலே ஏற்றது. பேனா மை ஊறி முன்புறத்தைக் கெடுக்கும்.

நூலின் அமைப்பு

இருக்கும் படங்கள் அனைத்தையும் திணித்தால் நூல் கனக்குமேயன்றிச் சிறக்காது. இருநூறு இருப்பின் அறுபதைத் தேர்ந்தால் போதும். கூத்து நடைபெறும் முறையிலேயே நூலையும் அமைக்கலாம்: முதலில் ஒப்பனை; அடுத்துக் கட்டியங்காரன் வருகை; பின்னர்த் திரை விலகி வேடங்கள் தோன்றுதல்; போர்; இறுதியில் விடியல். இறுதிப் பகுதியில் வீட்டுப் படங்களும் இடம்பெறட்டும். தந்தை ஊர்ஊராய்ச் சென்ற மாதங்களில் அடுப்பெரியச் செய்த தாயின் முகம் இல்லாத நாடக வாழ்க்கை நூல் குறையுடையதே.

ஒரு பக்கத்தில் ஒரு பெரிய படமும் எதிர்ப்பக்கத்தில் அவர் சொன்ன சொற்களும் இருப்பது கண்ணுக்கு இதம். இரு பக்கங்களிலும் பரவும் படத்தில், முகம் நடுமடிப்பில் விழாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். அழகு கருதி ஓரங்களை வெட்டாதீர்கள். பக்கவாத்தியக்காரர் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருப்பார். அச்சுக்கு அனுப்புமுன், படத்தில் உள்ள மற்றவர்களிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ ஒப்புதல் பெறுவது பண்பாகும்.

மூலப்படங்களின் பாதுகாப்பு

ஒட்டும் பக்கமும் பிளாஸ்டிக் மேலுறையும் கொண்ட ஆல்பங்கள் காலப்போக்கில் படங்களைக் கெடுக்கின்றன. பசை பழுத்துப் படத்தைப் பற்றிக்கொள்ளும். வலிந்து பிரித்தால் கிழியும். ஆகவே அப்படியே வைத்துப் படி எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய படங்களை ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் பெரிதாக அச்சிடலாம். கறுப்பு வெள்ளைப் படங்கள் நெடுநாள் தாங்கும். 1970களின் வண்ணப்படங்களோ சிவந்து மங்குவதால் அவற்றை முதலில் படியெடுங்கள். மூலப்படங்களை ஈரமும் வெளிச்சமும் புகாத பெட்டியில் வையுங்கள். நூலில் குறைந்தது மூன்று படிகள் அச்சிட்டு, ஒன்றை இல்லத்திலும் ஒன்றைக் குழுவினரிடமும் மற்றொன்றை ஊர் நூலகத்திலும் வைப்பது நலம்.

நம் இல்லங்களிலும்

இது கூத்துக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பங்குத் திருவிழாவிலும் நாடகம் போட்டவர்கள், தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகத்தில் சிலுவை சுமந்தவர்கள், நம் பங்குகளிலும் உள்ளனர். நவாப் இராஜமாணிக்கம் 'ஏசுநாதர்' நாடகத்தை மேடையேற்றியதை இன்றும் நாடக வரலாறு பேசுகிறது. உங்கள் பங்கில் பிலாத்துவாக நடித்தவரையும், அவருக்கு உடை தைத்துத் தந்த அம்மையாரையும் யார் பேசுவார்? பெரியவர்கள் நம்மோடு இருக்கும் இந்நாள்களிலேயே பெட்டியைத் திறந்து, பென்சிலோடு அவர்கள் அருகில் அமர்வோமாக.