விடை வரும்வரை ஒலிக்க வேண்டிய இசை

சினிமாவுக்கு ரீரெக்கார்டிங் செய்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகி கடிதத்தைப் பிரித்துப் படித்து அழுது முடிக்க 1 நிமிடம் 40 விநாடி என்றால், எந்தத் தியேட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் அது 1 நிமிடம் 40 விநாடிதான். எடிட்டர் கொடுத்த அளவுக்கு இசையைத் தைத்துக் கொடுத்தால் போதும்.

கேமுக்கு இசை அமைப்பவருக்கு அந்த அளவு கிடைக்காது. அதிலும் புதிர் கேம் என்றால் நிலைமை இன்னும் மோசம். சண்டை கேமில் ஆடுபவர் அடிப்பார், அடி வாங்குவார், ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். புதிரில் நீண்ட நேரம் எதுவுமே நடக்காது. ஒருவர் 30 விநாடியில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். இன்னொருவர் அதே கதவின் முன் முக்கால் மணி நேரம் நிற்பார். இருவருக்கும் ஒலிப்பது ஒரே இசை. முதலாமவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். பின்னணியில் ஓடுவது 40 விநாடி டியூன் என்றால், இரண்டாமவர் அதை 67 முறை கேட்டிருப்பார்.

பெரிய நிறுவனங்களின் துணை இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து, பெரும்பாலும் சொந்தக் காசில் செய்வதைத்தான் இண்டி கேம் என்கிறார்கள். அப்படிப் புதிர் கேம் செய்பவர்கள் இசையமைப்பாளரிடம் போய்க் கேட்பது "மனசுல நிக்கிற மாதிரி ஒரு டியூன்". அங்கேதான் பேச்சு தடம் மாறுகிறது. மனதில் நிற்கிற டியூன் பத்தாவது சுற்றில் தலைவலி. அவர்களுக்குத் தேவை, மாட்டிக்கொண்டு நிற்பவரை விரட்டாத, தூங்கவும் விடாத ஒலி. ஆளைத் தேடுவது, சம்பளம் பேசுவது, கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும் இந்தத் தேவையிலிருந்து தொடங்கினால் பின்னால் வரும் சண்டைகளில் பாதி வராது.

ஜொனாதன் ப்ளோ 2008இல் வெளியிட்ட 'பிரெய்டு' இதைப் புரிந்துகொண்டு செய்த கேம். அதில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். விழுந்து செத்தால் செத்ததையே திருப்பிக்கொள்ளலாம். ப்ளோ புதிதாக இசை எழுதச் சொல்லி யாரையும் அமர்த்தவில்லை. மேக்னடியூன் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்த பதிவுகளுக்கு உரிமம் வாங்கினார். ஜேமி ஸீபர், ஷிரா காமன், செரில் ஆன் ஃபுல்டன் ஆகிய மூவரின் செல்லோ, ஃபிடில், ஹார்ப் இசை அது. செலவு குறையும் என்பது ஒரு காரணம். சுவாரசியம் மற்ற காரணங்களில் இருக்கிறது. சின்ன டியூன் திரும்பத் திரும்ப வந்து, புதிரில் சிக்கியவருக்கு எரிச்சல் மூட்டக் கூடாது என்று நீளமான பதிவுகளாகப் பொறுக்கினார். பின்னோக்கி ஓட்டும்போதும் கேட்க நன்றாக இருக்க வேண்டும், ஆனால் வேறு உணர்வு தர வேண்டும் என்றும் பார்த்தார். ஆடுபவர் காலத்தைத் திருப்பினால் இசையும் திரும்பி ஓடும். காலம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காதே சொல்லிவிடும்.

அதே ப்ளோ 2016இல் கொண்டுவந்த 'தி விட்னஸ்' கேமில் பின்னணி இசை கிடையாது. ஆளில்லாத தீவு, காலடி ஓசை, காற்று, தண்ணீர் போன்ற சத்தங்கள் மட்டும். அந்தத் தீவின் சில புதிர்களுக்கு விடையே சுற்றுப்புற ஒலியில்தான் இருக்கிறது. பறவைச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்துக் கோடு வரைய வேண்டும். மேலே வயலின் ஓடினால் பறவை எங்கே கேட்கும்? காது கேளாதவர்களுக்கு அந்தப் புதிர்கள் பெரிய தடை என்பது வேறு விஷயம். ஒலியில் விடையை ஒளித்துவைக்க நினைப்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். எப்படியும், இசையமைப்பாளரைத் தேடுமுன் 'நமக்கு இசை வேண்டுமா' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

தங்கள் கேமுக்குத் தாங்களே இசையும் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. 'வேர்ல்டு ஆஃப் கூ'வுக்குக் கைல் கேப்ளர், 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'னுக்கு லூகாஸ் போப், 'பாபா இஸ் யூ'வுக்குப் பின்லாந்தின் அர்வி டெய்காரி. இந்த வரம் எல்லோருக்கும் வாய்க்காது. 'ஆண்டிசேம்பர்' கேமை ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டர் ப்ரூஸ் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தார். இசைக்கு நெதர்லாந்தின் சித்தார்த்தா பார்ன்ஹோர்னையும் ஒலி வடிவமைப்புக்கு ராபின் ஆர்னாட்டையும் அமர்த்திக்கொண்டார். 2013இல் வெளிவந்த அந்த கேமை ஆடி முடித்தவரிடம் டியூனைப் பாடிக் காட்டச் சொன்னால் முழிப்பார். சூழலோடு கலந்து கிடக்கும் இசை அது. புதிர் கேமுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்பேன்.

சரி, அமர்த்துவது என்று முடிவாகிவிட்டது. ஆளை எப்படிப் பார்ப்பது? இசையமைப்பாளர்கள் அனுப்பும் சாம்பிள்களில் முக்கால்வாசி டிரெய்லர் மாதிரி இருக்கும். முரசு, கோரஸ், கடைசியில் ஒரு வெடிப்பு. ஒன்றரை நிமிடம் கேட்டு மயங்கிவிடக் கூடாது. அவர் செய்த அமைதியான டிராக் ஒன்றைக் கேட்டு வாங்கி, அது திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். எந்த இடத்தில் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகிறது என்று கவனியுங்கள். அநேகமாக அங்கே தனித்துத் தெரிகிற ஏதாவது ஒன்று இருக்கும்: ஒரு சிம்பல் அடி, குழைந்து ஏறும் ஒரு புல்லாங்குழல் பிரயோகம். டிராக் எத்தனை நீளமாக இருந்தாலும் அந்த ஒரு இடம்தான் 'மறுபடியும் வந்துவிட்டது' என்று காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அனுபவசாலிகள் அப்படிப்பட்ட அழகுகளைத் தாங்களே வெட்டி எறிந்துவிடுவார்கள்.

லூப் போடுவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு நிமிட டிராக் முடியும் இடத்தில் கடைசிச் சுரத்தின் ரீங்காரம் இன்னும் அடங்கியிருக்காது. அங்கேயே வெட்டினால் பட்டென்று அறுபடும். அடங்கும்வரை விட்டால், மறுசுற்றுத் தொடங்குமுன் ஓர் ஓட்டை விழும். விஷயம் தெரிந்தவர் அந்த ரீங்காரத்தை மட்டும் தனியே எடுத்து டிராக்கின் தொடக்கத்தின் மேல் படியவைப்பார். முதல் சுற்றுக்கு மட்டும் அது இல்லாத ஒரு ஃபைலைத் தனியாகத் தருவார். அவ்வளவும் செய்துவிட்டு எம்.பி.3யாக அனுப்பினால் உழைப்பு வீண். அந்த வடிவத்தில் சுருக்கும்போது ஃபைலின் முன்னும் பின்னும் மில்லிவிநாடிக் கணக்கில் மௌனம் சேர்ந்துவிடும். பாட்டுக் கேட்பவருக்குத் தெரியாது. லூப்பிலோ சுற்றுக்கு ஒரு விக்கல். வேவ் அல்லது ஓக் ஃபைலாகத் தரச் சொல்வது அதனால்தான்.

நீளத்தைக் கூட்டாமல் அலுப்பைக் குறைக்க அடுக்கு முறையும் உண்டு. ஒரே டிராக்கை நாலைந்து அடுக்குகளாகப் பிரித்து வாங்கி, ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப ஏற்றி இறக்குவார்கள். 'போர்ட்டல் 2' இண்டி இல்லை, வால்வ் என்ற பெரிய நிறுவனத்தின் கேம். ஆனாலும் பாடம் அங்கே தெளிவாக இருக்கிறது. லேசர் கதிரைச் சரியான இடத்தில் விழவைத்தால் மைக் மொராஸ்கியின் இசையில் புதிதாக ஒரு இழை சேர்ந்துகொள்ளும். பாதி விடை சரி என்று இசையே தலையாட்டுகிறது. 2023இல் வந்த 'கக்கூன்' இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. யாகோப் ஷ்மிட் அதற்குப் பதிவு செய்த டிராக்குகளைத் தராமல், கேமுக்குள்ளேயே சிந்தசைஸர்களை நிரலாக எழுதி, இசை அந்தந்த நேரத்தில் பிறக்கும்படி செய்தார். எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அடுக்குகளை ஏற்றி இறக்க எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் இசையமைப்பாளருக்கு அவற்றில் பழக்கம் உண்டா, அல்லது ஃபைலை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்பவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

புதிர் அவிழ்ந்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம் வருமே, அதைப் பல குழுக்கள் எங்கிருந்தாவது இலவசமாக எடுத்துப் போட்டுவிடுகின்றன. பின்னணி இசை ஒரு சுருதியில் ஓடும். டிங் வேறு சுருதியில் வந்து விழும். முக்கால் மணி நேரம் போராடி ஜெயித்தவரின் காதில் முதலில் கேட்பது அபசுரம். இந்தச் சின்னச் சத்தங்களையும் இசையமைப்பாளரின் வேலையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

இனி, அவரிடம் என்ன சொல்லி அனுப்புவது? "அமைதியா, கொஞ்சம் மர்மமா" என்றால் அவர் தலையில் ஓடுவது ஒன்று, உங்கள் தலையில் ஓடுவது வேறு. ஆடிப் பார்க்கக்கூடிய நிலையில் கேமையே கையில் கொடுப்பதுதான் உத்தமம். எந்தெந்தக் கட்டத்தில் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்ற குறிப்பும் கூடவே வேண்டும். நீண்ட வரைவு தேவையே இல்லாமல் வேலைக்கான எல்லை கேமிலேயே இருந்துவிடுவதும் உண்டு. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' அப்படி. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே புதிர். சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஓடும். கதையில் ஆண்டுகள் நகர நகர, அந்தந்தக் காலத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் வாசனையோடு புதிதாக எழுதப்பட்ட பாடல்கள் வரும். இசை அமைத்தது 'ஆல்ஃபா சம்திங்'. வருடமும் அடுப்படியும் வானொலியும் தெரிந்துவிட்டால் இசையமைப்பாளருக்கு வேறு விளக்கம் எதற்கு? 2024இல் அந்த கேம் பிரிட்டனின் பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருதையும், இண்டி கேம் விழாவின் தலையாய விருதையும் வாங்கியது.

ஒன்றை மட்டும் தவிர்க்கலாம். இசை வரும்வரை இருக்கட்டும் என்று ஏதாவது ஒரு பிரபலமான ஆல்பத்தைப் போட்டு ஆறு மாதம் கேமை ஆடிப் பழகிவிட்டால், பிறகு யார் என்ன கொடுத்தாலும் "அது மாதிரி இல்லையே" என்றுதான் தோன்றும். சினிமாக்காரர்களுக்கும் தெரிந்த வியாதிதான் இது.

காசு விஷயத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் முடிந்த இசையின் நிமிடக் கணக்கில் பேசுவது பரவலான வழக்கம். நிமிடத்துக்கு 8,000 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். 12 நிமிடத்துக்கு 96,000. கணக்கு எளிது, ஆனால் இரண்டு நிமிட டிராக்கை நாலு அடுக்காகக் கேட்டால் அது இரண்டு நிமிடமா, எட்டு நிமிடமா? அவருக்கு எட்டுக்கு அருகில் வேலை. உங்களுக்கு இரண்டு என்று நினைப்பு. இதை அட்வான்ஸுக்கு முன்பே பேசிவிட வேண்டும். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும். முதலில் ஒரே ஒரு கட்டத்துக்குக் காசு கொடுத்து இசை வாங்கிப் பார்ப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கடைசித் தவணையை ஃபைல் வந்த அன்று கொடுக்காமல், அது கேமுக்குள் ஒட்டுத் தெரியாமல் சுற்றுவதைக் கேட்டபின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். 'இப்போது காசில்லை, லாபத்தில் பங்கு' என்பவர்கள், கேம் விற்காமல் போனால் இசையமைப்பாளர் கைக்கு என்ன வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

உரிமையில்தான் நம் ஊர்க் குழுக்கள் அசந்துவிடுகின்றன. காசு கொடுத்தாயிற்று, இசை நம்முடையது என்று நினைத்தால் தவறு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஏற்றும் கேம் முதல் நாளே பல நாடுகளில் விற்பனைக்குப் போய்விடுகிறது. நீங்கள் வாங்கிய உரிமையோ ஊரைத் தாண்டாமல் நிற்கும். மாற்றிவாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். இண்டி கேம்கள் சொன்ன தேதியில் வருவதில்லை என்பதை நினைத்தால் இந்த வரி எவ்வளவு ஆபத்து என்று புரியும். ஒரு வழக்கறிஞரின் அரை மணி நேரம் இதற்குப் போதும்.

எல்லா உரிமையையும் வாரிச் சுருட்டிக்கொள்ளவும் தேவையில்லை. கேமில் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு, பாடல்களைத் தனி ஆல்பமாக விற்கும் உரிமை அவருக்கு என்று பிரித்துக்கொண்டால் சம்பளம் குறைவாக இருந்தாலும் நல்ல ஆள் வருவார். அப்படிப் பிரித்தால், அவர் ஆல்பத்தை வெளியிடும்போது வீடியோக்களில் ஒலிக்கும் இசையைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பட்டியலில் டிராக்குகளைச் சேர்க்கக் கூடாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் மறக்காமல் போட்டுவிடுங்கள். சேர்த்துவிட்டால், உங்கள் கேமை ஆடிக் காட்டி வீடியோ போடுபவர்களின் விளம்பர வருமானம் இசை உரிமையாளர் பக்கம் திரும்பிவிடும், சில சமயம் வீடியோவே முடங்கும். விளம்பரத்துக்குக் காசில்லாத இண்டி குழுவுக்கு அந்த யூடியூபர்கள்தான் விளம்பரம். இரண்டாவது வீடியோவை அவர்கள் போட மாட்டார்கள்.