லண்டன் மாநகரில் ஒரு மாணவரின் கணக்குப் புத்தகம்

பதினாறு, பதினேழு வயதில் ஓர் இளைஞர் தம் வீட்டையும் ஊரையும் நீங்கிக் கடல் கடந்த நாடொன்றிற்குச் சென்று, அங்குள்ள ஒரு குடும்பத்தாரோடு ஓராண்டு தங்கிப் பள்ளியிற் பயின்று திரும்புவதை மாணவர் பரிமாற்றம் என்பர். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற வண்டித் தொண்டர்களைக் கொண்டு தோன்றிய அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்னும் அமைப்பு, 1947-ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்க்கென இம்முறையைத் தொடங்கிற்று. பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தார் இவ்வமைப்பின் திட்டத்தில் பெரும்பாலும் வாடகையோ கூலியோ பெறுவதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையை மற்றொரு வீட்டார் தம் பிள்ளைபோற் பேணுகின்றனர். கூட்டுறவு நெறியில் பழகிய நமக்கு இக்கருத்து புதியதன்று. நம் மதுரையும் இதற்குப் புதிய ஊரன்று. அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாணவர் பலர் இந்நகரில் தங்கித் தமிழ் பயின்று சென்றுள்ளனர்.

இன்று நம் சங்கத்து அங்கத்தினர் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்வியை நாடுகின்றனர். தறியில் அமர்ந்திருப்பவரும், பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளைவிப்பவரும், மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவரும் நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் இதுபற்றி நம்மை வினவுகின்றனர். எவ்வளவு பணம் ஆகும், எந்த நகையை ஈடு வைக்கலாம், கடன் எத்தனை தவணையில் தீரும் என்பனவே அவர்தம் கேள்விகள். இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அனுப்பப்பட்ட பிள்ளை, யாரும் அறியாத ஊரில், யாரும் பார்க்காத வேளையில், அப்பணத்தை எங்ஙனம் கையாளுவான் என்பதே அது. குடும்பத்தின் நலமும் பிள்ளையின் நலமும் இதன் விடையையே பெரிதும் சார்ந்துள்ளன.

இதற்கு விடை காண, பரிமாற்றத் திட்டம் ஏதும் தோன்றாத காலத்தில் அந்நிய நாடு சென்ற ஓர் இளைஞரின் அனுபவத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். சௌராஷ்டிர நாட்டிலிருந்து 1888-ஆம் ஆண்டில் தம் பதினெட்டாம் வயதில் லண்டன் சென்ற மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பவரே அவர். பின்னாளில் மகாத்மா என உலகம் போற்றிய அப்பெருமகனார் தம் மாணவப் பருவத்தைச் ‘சத்திய சோதனை’ என்னும் தம் வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்.

கடனும் கட்டுப்பாடும்

மோகன்தாஸின் தந்தையார் 1885-இல் காலமானார். குடும்பத்தில் செல்வம் மிகுதியில்லை. பவநகரத்துக் கல்லூரியில் ஒரு பருவம் பயின்றும் பாடம் பிடிபடாமல் வீடு திரும்பியிருந்த இளைஞரை, பாரிஸ்டர் பட்டத்திற்கு அனுப்புமாறு குடும்ப நண்பரான மாவ்ஜி தவே கூறினார். 4,000 முதல் 5,000 ரூபாய்க்குள் செலவு அடங்கும் என்பது அவரது மதிப்பு. பணத்திற்கு வழி? மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கிடைக்கும் என்று மாணவர் எண்ணினார். மூத்த தமையனார் எவ்வாறேனும் தாம் பணம் திரட்டுவதாக வாக்களித்தார். நம் ஊர்க் குடும்பங்களில் நடக்கும் ஆலோசனைக்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

அன்னையார் புத்லிபாய்க்கோ பணத்தைவிடப் பிள்ளையின் ஒழுக்கமே கவலையாயிற்று. மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று ஒரு சமண முனிவர் முன்னிலையில் மகனார் சூளுரைத்த பின்னரே அவர் விடை கொடுத்தார். பம்பாயிலோ மற்றொரு தடை எழுந்தது. கடல் கடத்தல் சாதி வழக்கிற்கு மாறானது என்று கூறிய சாதித் தலைவர், மோகன்தாஸை விலக்கி வைத்தார். அவருக்கு உதவுவோரும், துறைமுகம் வரை சென்று வழியனுப்புவோரும் 1 ரூபாய் 4 அணா அபராதம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தார். தமையனார் ஒப்படைத்திருந்த பணத்தை வைத்திருந்த உறவினர், சாதிக்கு அஞ்சி அதைத் தர மறுத்துவிட்டார். ஈற்றில் ஒரு நண்பர், தமையனாரிடம் பின்னர்ப் பெற்றுக்கொள்வதாகக் கூறிக் கடன் கொடுத்தார். அக்கடனைக் கொண்டே கப்பற் பயணச்சீட்டும் உடைகளும் வாங்கப்பட்டன. சில மாதக் குழந்தையையும் மனைவியையும் பிரிந்து 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி அவர் கப்பலேறினார்.

கப்பலிலும் கரையிலும்

பிரயாணத்தின் முதல் இடையூறு மொழி. பயணிகள் ஆங்கிலத்தில் பேசினால் அவருக்கு விளங்குவதில்லை. விளங்கினாலும் விடை கூற நா எழுவதில்லை. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் பழக்கமும் அவருக்கில்லை. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணிவு பிறக்கவில்லை. ஆதலால் பொது மேசைக்கே செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டு வந்த இனிப்பையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு வந்தார்.

புலாலுண்ணாமல் இருந்ததற்குச் சான்றிதழ் சேகரிப்பது நலம் என்று எவரோ சொல்லக் கேட்டு, ஆங்கிலேயப் பயணி ஒருவரிடம் சான்றிதழும் பெற்றார். சில காலம் அதைப் போற்றி வைத்திருந்தார். புலாலுண்டவரும் அத்தகைய சான்றிதழைப் பெற முடியும் என்று பின்னர் அறிந்தபோது அதன்மீதிருந்த பற்று அகன்றது. சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் சான்றிதழால் பயன் யாது? நாள்தோறும் சான்றிதழ்களையும் முத்திரைகளையும் பார்த்து வரும் நமக்கு இது சிந்திக்கத்தக்கதே.

கரையிறங்கும்போது அணிய வேண்டுமென்று வெள்ளைக் கம்பளித் துணியாலான உடையை அவர் காத்து வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் அங்கு வெள்ளுடை அணிந்தவர் தாம் ஒருவரே என்று கண்டு நாணினார். மறுநாள் ஞாயிறு, பெட்டிகள் வந்து சேரவில்லை, மாற்றுடைக்கு வழியில்லை. விக்டோரியா ஹோட்டலில் தங்கியதற்கு 3 பவுன் ஆயிற்று. அங்கும் அவர் பெரும்பாலும் பட்டினியே. இரவில் அன்னையின் நினைவு வந்து கண்ணீர் பெருகும். யாரிடமும் சொல்லி ஆறவும் இயலாது. திரும்பிச் செல்வதோ எண்ணத் தகாதது. இன்று பரிமாற்ற மாணவராய்ச் செல்லும் பிள்ளைகளும் முதல் திங்களில் இத்துயரை அடைவது இயல்பு. அது பிள்ளையின் கோழைத்தனமன்று என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

ரொட்டித் துண்டும் பசியும்

லண்டனில் அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. இங்கிலாந்துக்கு வருவது படிப்பிற்காக மட்டுமன்று, அந்நாட்டு வாழ்க்கையையும் பழக்கங்களையும் அறிவதற்காகவே. அதற்கு ஒரு குடும்பத்தோடு தங்குவது இன்றியமையாதது என்று அவர் அறிவுறுத்தினார். மாணவர் பரிமாற்றத்தின் அடிப்படைக் கொள்கையும் இதுவேயன்றோ!

ரிச்மண்டில் ஒரு நண்பரோடு சில வாரங்கள் தங்கிப் பழகியபின், மேற்குக் கென்சிங்டனில் ஒரு கைம்பெண்ணின் இல்லத்தில் மோகன்தாஸ் இடம்பெற்றார். அவ்வம்மையாரின் புதல்வியர் இருவரும் பரிவோடு ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை மிகுதியாக எடுத்து வைப்பர். முழு ரொட்டியும் தேவைப்படும் பசி அவருக்கு. ஆயினும் இன்னும் வேண்டும் என்று கேட்கக் கூச்சம். மூன்று வேளையும் வயிறார உண்ட பிள்ளைக்கு, பிறர் வீட்டில் கேட்டு வாங்கி உண்பது எளிதன்று. புலாலுணவுக்கு உடன்படுமாறு நண்பர் எவ்வளவோ வாதாடினார். அன்னைக்குக் கொடுத்த வாக்கை அவர் விடவில்லை. நாள்தோறும் பத்து, பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகம் தேடினார். ஈற்றில் ஃபாரிங்டன் வீதியில் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

பத்துப் பவுன் உடை

புலாலுண்ணாத குறையை நாகரிகத்தால் ஈடு செய்யலாம் என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. பம்பாயில் தைத்த உடைகள் போதா என்று புதியன வாங்கினார். 19 ஷில்லிங்கில் உயர்ந்த தொப்பி. பாண்டு வீதியில் 10 பவுனுக்கு மாலை விருந்துக்குரிய உடை. தமையனாருக்கு எழுதி வரவழைத்த தங்கக் கடிகாரச் சங்கிலி. நடனப் பயிற்சிக்கு 3 பவுன் கட்டினார். மூன்று வாரத்தில் ஆறு பாடங்கள் முடிந்தும் பியானோ இசைக்கேற்பக் கால் பெயரவில்லை. இசையறிவு வர வேண்டுமென்று 3 பவுனுக்கு வயலின் வாங்கினார். சொற்பயிற்சி ஆசிரியருக்கு 1 கினி, அதாவது 21 ஷில்லிங், முன்பணம் கொடுத்தார். தலைவாரிக் கழுத்துப்பட்டை கட்டுவதில் நாள்தோறும் பத்து நிமிடம் நிலைக்கண்ணாடி முன் கழிந்தது.

இவையனைத்தும் ஊரில் தமையனார் அரும்பாடுபட்டுத் திரட்டியனுப்பிய பணம். இம்மயக்கம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்ததாக அவரே எழுதுகிறார். இவ்விடத்தில் பாதை தவறிய மாணவர் பலர். இவர் தவறாமைக்குக் காரணம் யாது?

இரவுதோறும் இருப்பு

அங்கத்தினர்களே, இங்கேதான் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நாகரிக மயக்கம் இருந்த நாட்களிலும் அவர் ஒரு பழக்கத்தை விடவில்லை. செலவான ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் ஆகிய சில்லறைச் செலவும் ஏட்டில் ஏறும். உறங்கப் போகுமுன் இருப்பைக் கட்டிய பின்னரே படுப்பார்.

பொய்யுரைக்காத ஏடு உண்மையை எடுத்துக் காட்டும். வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தில் இருக்கப் போவதில்லையே, சொற்பயிற்சியும் நடனமும் எதற்கு என்று தம்மைத் தாமே வினவிக்கொண்டு, ஆசிரியர்களுக்கு எழுதி விலகினார்; வயலினையும் விற்றுவிட ஏற்பாடு செய்தார். பின்னர்த் தம் ஏட்டை ஆராய்ந்தார். குடும்பத்தோடு தங்குவதால் வாரந்தோறும் நிலையான கட்டணம். வெளியில் உண்டாலும் அது குறையாது. மரியாதைக்காக அவ்வீட்டாரை விருந்துக்கு அழைத்துச் செல்லும் செலவும் வண்டிக் கட்டணமும் வேறு. ஆதலால் செலவைப் பாதியாக்கத் துணிந்து தனி அறைகளுக்கு மாறினார். செல்ல வேண்டிய இடங்களுக்கு நடந்தே சென்றதால் நாளொன்றுக்கு எட்டு, பத்து மைல் நடை வாய்த்தது, உடலும் நலம்பெற்றது. அடுத்து ஒரே அறைக்கு மாறினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே சமைத்தார். நண்பகல் உணவு வெளியில். இரவில் ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாள் உணவுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ்.

ஆய்வாளர்க்குரிய வழக்கப்படி நாமும் சிறிது கணக்கிட்டுப் பார்த்தோம். அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். பாண்டு வீதி உடையின் 10 பவுன், 2,400 பென்ஸ் ஆகிறது. நாளொன்றுக்கு 15 பென்ஸ் வீதம் அது 160 நாள் உணவு. தொப்பி ஒன்றே பதினைந்து நாள் உணவு. பற்றையும் வரவையும் எழுதாதவர் கண்ணுக்கு இது புலப்படாது.

சிக்கனத்தால் படிப்புக் குறையவில்லை. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்முறை லத்தீனில் தவறினார். விடாது பயின்று மறுமுறை தேறினார். 1891 ஜூன் 10-ஆம் தேதி பாரிஸ்டரானார். 12-ஆம் தேதி கப்பலேறினார். பம்பாயில் இறங்கியபோதுதான் அன்னையார் மறைந்த செய்தியைத் தமையனார் கூறினார். அந்நிய நாட்டில் தனித்திருக்கும் பிள்ளை தாங்கான் என்று அதுவரை மறைத்திருந்தார். அன்னைக்கு அளித்த மூன்று வாக்குகளையும் காத்து வந்த மகனுக்கு, அதைச் சொல்ல அன்னை இல்லை.

மதுரையில் மாறிய உடை

லண்டனில் பழகிய இக்கணக்கு வழக்கம் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணைநின்றது. தாம் நடத்திய பொது இயக்கங்களில் பல லட்சம் ரூபாயைக் கையாண்டும் கடன் நேராமல் மீதியே இருந்ததற்கு இதுவே காரணம் என்று அவர் எழுதியுள்ளார்.

உடையைப் பற்றிய கணக்கும் நம் நகரில் முடிவு பெற்றது. 1921-ஆம் ஆண்டு சுற்றுப்பயணத்தில், கதர் வாங்கப் பொருளில்லை என்று ஏழை மக்கள் கூறக் கேட்ட காந்தியடிகள், செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரை மேலமாசி வீதி இல்லத்தில் அரைமுழ ஆடைக்கு மாறினார். 1931-இல் வட்டமேசை மாநாட்டிற்கு லண்டன் சென்றபோதும் அவ்வுடையே, அரண்மனைக்கும் அவ்வுடையே. அந்நியத் துணி விலக்கால் வேலையிழந்திருந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளரையும் அவர் அவ்வுடையிலேயே சந்தித்தார். அவர்கள் அன்போடு வரவேற்றனர். பத்தொன்பதாம் வயதில் 10 பவுன் உடையால் பெற முயன்ற மதிப்பு, உடையைக் குறைத்தபின் தானே வந்தது. தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதனையும் அவர்களுக்குச் சொல்வார்களாக.

நமக்குரியது

பிள்ளையை வெளிநாடு அனுப்பத் துணியும் அங்கத்தினர் நான்கு செய்தல் வேண்டும். செலவை ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி மதிப்பிடாமல், கட்டணம், தங்குமிடம், உணவு, வண்டிச் செலவு என இனவாரியாக எழுதிப் பார்க்க வேண்டும். கடன் வாங்குமுன் திருப்பிச் செலுத்தும் வழியைப் பிள்ளைக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டின் கடனை அறியாத பிள்ளை சிக்கனத்தை அறிவதில்லை. பசித்தால் கேட்கவும், விளங்காவிடில் வினவவும் முன்னரே பழக்க வேண்டும். நான்காவது, புறப்படுவதற்கு ஆறு திங்கள் முன்பிருந்தே நாள்தோறும் கணக்கெழுதி இருப்புக் கட்டச் செய்தல் வேண்டும். ஊரில் எழுதாத பிள்ளை லண்டனில் எழுதமாட்டான்.

சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தில் ஒரு நாள் இருப்புத் தவறினால் நிர்வாகிகளைக் கேட்க நாம் இருக்கிறோம். அந்நிய நாட்டில் தனியறையில் இருக்கும் பிள்ளைக்குக் காரியதரிசியும் அவனே, தணிக்கையாளனும் அவனே. ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கும் பெட்டியில், கோடிட்ட குறிப்பேடு ஒன்றையும் வைத்தனுப்புங்கள். அதன் விலை மிகச் சொற்பம்.