வீட்டில் பால் வெள்ளாடு: முதற் பத்து நாட்கள்

காவிரி கருநாடகத்து மலைகளினின்று இறங்கிவரும் வழியில், பாறைகளுக்கிடையே மிகவும் ஒடுங்கி ஓடும் இடம் ஒன்று உண்டு. கன்னட மொழியில் அதற்கு மேகேதாட்டு என்பது பெயர். மேக்கே என்றால் வெள்ளாடு. தாட்டு என்றால் தாண்டுதல். தமிழர் அதனை ‘ஆடு தாண்டும் காவிரி’ என வழங்கினர். அங்கிருந்து ஆற்றோடு கீழிறங்கி, ஒகேனக்கலையும் கடந்து வந்தால், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் பாலாறு என்னும் சிற்றாறு காவிரியில் கலக்கிறது. வேலூர் வழியே செல்லும் பாலாறு வேறு, இது வேறு. கொளத்தூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், இரு மாநில எல்லையாக நிற்கும் ஊருக்கும் இதே பெயர்தான். இப்பகுதியை உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. இருந்த இடத்தைவிட்டு நகராமலே வெளிமாநிலத் தமிழரானோர் அங்கே பலர்.

பெயரிலே பால் ஓடும் இத்தகைய எல்லையோர ஊர்களில், பால்வண்டி எட்டாத வீட்டுக்கு உடனே உதவும் பிராணி வெள்ளாடுதான். பசு வாங்கப் பொருளும் இடமும் இல்லாதார்க்கு அது ‘ஏழையின் பசு’. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 14 கோடியே 88 இலட்சம் வெள்ளாடுகள் இருந்தன. எனினும், பால் கறக்கும் நோக்கத்தோடு முதன்முதலாக ஆடு வாங்குவோர் பலர், முதற் பத்து நாட்களிலேயே ஆட்டை நோயுறச் செய்துவிடுகின்றனர். அன்பின்மையால் அன்று, அன்பு மிகுதியாலேயே இது நேர்கிறது. ஆகவே அந்நாட்களைப் பற்றியே இங்குக் கூற விழைகிறேன்.

முதலில் இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேலம், தருமபுரிப் பக்கத்துச் சேலம் கருப்பு ஆடு இறைச்சிக்கென வளர்க்கப்படுவது; அதன் பால் பெரும்பாலும் குட்டிக்கே போதும். பாலுக்கெனில், கண்ணூர், கோழிக்கோடு பகுதிகளின் தலைச்சேரி ஆடு தென்னாட்டின் ஈரமான பருவநிலைக்கு ஏற்றது. வடக்கே வாழும் நம்மவர்க்கு, உத்தரப்பிரதேசத்து எட்டாவாப் பகுதியின் ஜமுனாபாரி, பஞ்சாபின் பீட்டல், சிறு முற்றத்திலும் வளரக்கூடிய பார்பரி, குசராத்தின் சுர்தி ஆகியவை கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து சென்ற ஜமுனாபாரி ஆடுகளின் குருதி, இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆங்கிலோ-நுபியன் இனத்தில் ஓடுகிறது. ஊர்விட்டு ஊர் சென்று செழிப்பது மனிதர்க்கு மட்டும் உரியதன்று. ஆயினும், எந்த ஊரில் வாழ்கிறோமோ அந்த ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய ஆட்டை வாங்குவதே தொடக்கக்காரர்க்கு நலம்.

வாங்கும்போது வாயைத் திறந்து பார்க்க வேண்டும். ஆட்டின் கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு. மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நடுவில் இரண்டு பற்கள் மட்டும் விழுந்து, பெரிய பற்கள் முளைத்திருப்பின் ஆட்டின் வயது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு. நான்காயின் இரண்டு ஆண்டளவு. எட்டும் முளைத்திருப்பின் நான்கு ஆண்டளவு. இரண்டாம் ஈற்றோ மூன்றாம் ஈற்றோ ஆன ஆடு, புதிதாகக் கறக்கப் பழகுவோர்க்கு ஏற்றது. மடி இருபுறமும் ஒத்து, கறந்தபின் மென்மையாகச் சுருங்க வேண்டும். உள்ளே கட்டி தென்படலாகாது. விற்பவர் கண்முன்னே கறந்து காட்டச் சொல்லுதல் தவறன்று.

மற்றொன்று: ஒற்றை ஆடு வாங்க வேண்டா. வெள்ளாடு கூடி வாழும் இயல்பினது. தனித்து விடப்பட்டால் இடைவிடாது கத்தும்; தீவனத்தை வெறுக்கும்; பாலும் குறையும். இரண்டாவது ஒரு குட்டியாகவேனும் இருக்கட்டும். கிடாய் வேண்டா, அதன் வாடை பாலிலும் ஏறும். வாடகை வீட்டில் வாழ்வோர் வீட்டுக்காரரின் இசைவையும் நகராட்சி விதியையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். மாநில எல்லை கடந்து கொண்டுவருவதாயின் கால்நடை மருத்துவரின் சான்று கையில் இருத்தல் நலம்.

ஆடு வருமுன் கொட்டில் ஆயத்தமாக இருக்க வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடிக் கூரையிடம் போதும். தரை உலர்ந்திருப்பதே முதன்மை. வெள்ளாடு குளிரைத் தாங்கும், வெயிலையும் தாங்கும். ஈரத்தை மட்டும் தாங்காது. தீவனத்தைத் தரையில் கொட்டாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடுக. காலால் மிதித்ததை ஆடு உண்ணாது; உண்டாலோ புழுக்கள் உட்புகும்.

இனி முதல் நாள். வந்த ஆடு வழிப்பயணத்தால் களைத்து, அஞ்சி நிற்கும். தூய நீரும் உலர்ந்த தழையும் வைத்து அதனை அமைதியாக விட்டுவிடுதலே உபசாரம். இந்நிலையில் வீட்டார் அன்பு மிகுந்து சோறு, கஞ்சி, அரிசி, கம்பு, விருந்தில் எஞ்சிய பண்டம் என அள்ளி வைப்பதுண்டு. இதுவே உயிருக்கு உலை. ஆட்டின் முதல் இரைப்பையில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்ந்து தழையைச் செரிப்பிக்கின்றன. பழகாத தானியம் மிகுதியாகச் சென்றால் அங்கே புளிப்பு மிகுந்து, அந்நுண்ணுயிர்கள் மடிந்து, ஓரிரு நாளில் ஆடு சாய்ந்துவிடும். ஆகவே விற்றவரிடமே, ஆடு இதுவரை உண்டதைக் கேட்டறிந்து, அதில் ஒரு மூட்டையும் வாங்கி வருக. புதுத் தீவனத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் முழுமையாக மாற்றுக.

தழைகளுள் அகத்தி, முருங்கை, பலா, ஆல், வேலிமசால் ஆகியவை நல்லவை. சவுண்டலைக் கொடுக்கலாம், பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. கொள்ளேகால் பட்டுத்தொழில் நடக்கும் சீமையாதலின், மல்பெரித் தழையும் அங்குக் கிடைக்கும். அது மிகச் சிறந்த உணவு. பூச்சிமருந்து தெளித்ததாக மட்டும் இருத்தலாகாது. விலக்க வேண்டியவற்றையும் அறிதல் வேண்டும். அரளி சிறிதளவே கொல்லும். மரவள்ளி இலையிலும் இளஞ்சோளப் பயிரிலும் நஞ்சுண்டு. மாதேசுவரன் மலைக்காடுகளில் எங்கும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். பசித்த ஆட்டை அறியாத புதரிடம் அவிழ்த்துவிடலாகாது. 2013 முதல் அக்காடு வனவிலங்குச் சரணாலயமாதலின், ஆட்டைக் கட்டி வைத்துத் தழை கொணர்ந்து கொடுப்பதே இருவகையிலும் நன்று.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பால் குறைந்தே இருக்கும். விற்றவர் ஏமாற்றினார் என முடிவு கட்ட வேண்டா. இடமாற்றத்தின் விளைவு அது. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், நாள்தோறும் ஒரே நேரத்தில், இயன்றவரை ஒருவரே கறக்க வேண்டும். மடியை வெந்நீரால் துடைத்து, ஈரம் ஒற்றி, முதற் பீச்சல்கள் சிலவற்றைத் தனிக் கிண்ணத்தில் விடுக. திரியோ, நீர்த்த தன்மையோ, குருதியோ தென்பட்டால் அது மடிநோயின் அறிகுறி. காம்பின் மேற்புறத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அடைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடுக. காம்பைப் பிடித்து இழுத்தலாகாது. மடி காலியாகும்வரை கறக்க வேண்டும். நன்கு பேணப்படும் நல்லாடு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தரக்கூடும். கூட ஒரு குட்டி வந்திருப்பின் அதன் பங்கு முதற்பங்கு: குட்டியின் எடையில் பத்தில் ஒரு பகுதி அளவு பால் நாள்தோறும் அதற்குச் சேர வேண்டும்.

நாள்தோறும் காலையில் மூன்றினை நோக்குக: அசைபோடுகிறதா, புழுக்கை மணிமணியாக உள்ளதா, கண்ணில் ஒளி உள்ளதா? உடல் வெப்பம் 102 முதல் 103.5 பாரன்ஹீட் பாகை வரை இயல்பு. இடப்பக்க வயிறு மத்தளம்போல் உப்பினாலோ, ஆடு பல்லை நெறித்தாலோ, தீவனத்தை அறவே மறுத்தாலோ மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது. முதல் வாரத்திலேயே மருத்துவரைக் கண்டு, ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி ஆகியவற்றுக்குத் தடுப்பூசியும், குடற்புழு நீக்க மருந்தும் பற்றிக் கேட்டறிக. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை உண்ணலாகாது என்பதையும் மறவாமல் கேட்க வேண்டும். வீட்டில் முன்னரே ஆடு இருப்பின், புதியதை மூன்று வாரம் ஒதுக்கி வைத்தல் வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ உதவியை அழைக்கலாம்.

வெளிமாநிலத்தில் மருத்துவரிடம் பேசுகையில் சொற்குழப்பம் நேராதிருக்க வேண்டும். நாம் ‘ஆடு’ என்றால் வெள்ளாட்டையும் குறிக்கும், செம்மறியையும் குறிக்கும். கன்னடத்தில் வெள்ளாடு ஆடு அல்லது மேக்கே, செம்மறி குறி, தெலுங்கில் வெள்ளாடு மேக்க, செம்மறி கொற்றெ, மலையாளத்தில் ஆடு எனினே வெள்ளாடுதான், இந்தியில் பக்ரி, பேடு, மராத்தியில் வெள்ளாடு ஷேளி, வங்காளத்தில் சாகல். தடுப்பூசியும் மருந்தளவும் பிராணிக்குப் பிராணி மாறுமாதலின், இச்சொல் ஒன்று உயிர்காக்கும்.

இறுதியாகப் பாலின் பயன். 1912இல் பால் துறந்த காந்தியடிகள், நோயுற்று மெலிந்த நிலையில், 1919இல் கஸ்தூரிபா அம்மையாரின் யோசனைப்படி ஆட்டுப்பாலை ஏற்றார். அன்று முதல் ஆட்டுப்பாலுக்குப் புகழ் மிகுந்தது. அதன் கொழுப்புத் துகள்கள் சிறியவை என்பது உண்மை. எனினும் மிகைக்கூற்றுகளை நம்ப வேண்டா. பாற்சருக்கரை ஒவ்வாதவர்க்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. அதிலும் அச்சருக்கரை உண்டு. பசும்பாலால் ஒவ்வாமை உறும் குழந்தைகளுள் மிகப் பலர்க்கு இதுவும் அவ்வாறே. போலிக் அமிலம் இதில் மிகக் குறைவு; ஆகவே ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதனைக் கொடுத்தால் இரத்தசோகை உண்டாகக்கூடும். ‘பச்சையாகக் குடித்தால் வலிவு’ என்பாரும் உளர். புரூசெல்லா என்னும் நுண்கிருமி பச்சைப் பால் வழியே மனிதரைப் பற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் தந்து பல மாதம் வாட்டும். எவ்வளவு நலமாகத் தோன்றும் ஆடாயினும், பாலைப் பொங்கக் காய்ச்சியே அருந்துதல் வேண்டும்.

சுருங்கக் கூறின், உலர்ந்த தரை, மெல்ல மாறும் தீவனம், நேரந்தவறாத கறவை, காய்ச்சிய பால்: இந்நான்கும் முதற் பத்து நாட்களின் பாடம். இவற்றைக் கடைப்பிடிக்கும் வீட்டில் பதினோராம் நாள் ஆடு ஆளை அறிந்து குரல் கொடுக்கும். செம்பும் நிறையத் தொடங்கும்.