ஃபிளீஸ் இன்

ஃபிளீஸ் இன் என்பது இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் கவுண்டியில், ஈவ்ஷம் நகருக்கு அருகில் உள்ள பிரெட்ஃபோர்டன் கிராமத்தில் அமைந்துள்ள பழமையான மதுவிடுதி ஆகும். ஆங்கிலேயக் கிராமங்களில் 'பப்' எனப்படும் மதுவிடுதி எவ்வாறு உருவானது, எவ்வாறு நிலைத்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்க்காரணம்

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்ற சொற்களின் சுருக்கம். பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்ட வீடு என்பது இதன் பொருள். 'ஃபிளீஸ்' என்பது செம்மறியாட்டிலிருந்து கத்தரித்தெடுக்கும் கம்பளி. இடைக்கால இங்கிலாந்தின் செல்வத்திற்குக் கம்பளி வணிகமே அடித்தளமாக இருந்ததால், பல மதுவிடுதிகள் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் காண்பதற்காக, விடுதியின் பெயரைக் குறிக்கும் படம் வரைந்த பலகையை வாசலில் தொங்கவிடுவது நெடுநாள் வழக்கம்.

வரலாறு

15ஆம் நூற்றாண்டில் மரச்சட்டங்களால் எழுப்பப்பட்ட இக்கட்டடம் தொடக்கத்தில் ஒரு பண்ணை வீடாகவே இருந்தது. மக்களும் கால்நடைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கும் வகையில் அது அமைந்திருந்தது.

இங்கிலாந்தில் பீர் விற்கும் வீடுகளுக்கு உரிமம் வழங்கும் முறை 1552இல் சட்டமானது. ஜின் என்னும் கடுமையான சாராயத்தின் மீதான மோகத்தைக் குறைக்க, 1830ஆம் ஆண்டின் பீர் விடுதிச் சட்டம் இவ்விதிகளைத் தளர்த்தியது. வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் ஆண்டுக்கு 2 கினி கட்டணம் செலுத்தித் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. இதனால் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் விடுதிகளாயின. அதே காலகட்டத்தில், 1848இல், பிரெட்ஃபோர்டன் பண்ணை வீடும் மதுவிடுதியானது.

தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் வசம் இருந்த விடுதியின் கடைசி உரிமையாளர் லோலா டாப்ளின். 1977இல் அவர் மறைந்தபோது, அவரது விருப்பப்படி விடுதி நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் சென்றது. அதன் பழைய தன்மை மாறக்கூடாது என்பது அவரது விருப்பம். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களை அங்கு விற்கக் கூடாது என்றும் அவர் சொல்லியிருந்ததாகக் கூறுவர்.

உள்ளமைப்பு

தாழ்வான உத்தரங்கள், கல் பாவிய தரை, பெரிய கணப்படுப்புகள் ஆகியவற்றுடன் இன்றும் இது பண்ணை வீடாகவே தோன்றுகிறது. கணப்படுப்பின் முன் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் வரையப்பட்டுள்ளன. சூனியக்காரிகள் புகைபோக்கி வழியாக இறங்கி வராமல் இவை தடுக்கும் என்பது பழைய நம்பிக்கை. வெள்ளீயக் கலவையால் ஆன பழைய பாத்திரங்களின் தொகுப்பும் இங்குள்ளது. 1651இல் வூஸ்டர் போருக்குச் செல்லும் வழியில் ஆலிவர் குரோம்வெல் இவற்றைக் கொடுத்துவிட்டுப் பொன் பெற்றுச் சென்றதாக ஒரு செவிவழிக் கதை உண்டு.

ஊர் வாழ்வில்

கிராமத்து மதுவிடுதி குடிப்பதற்கு மட்டுமான இடமன்று. ஊர்ச் செய்தி பரவுவதும், பாட்டும் விளையாட்டும் நடப்பதும், நிதி திரட்டுவதும் அங்கேதான். ஈவ்ஷம் பள்ளத்தாக்கு ஆஸ்பராகஸ் என்னும் தண்டுக்காய்கறிக்குப் பெயர்பெற்றது. வசந்தகால அறுவடையை ஒட்டி அதன் ஏலம் ஃபிளீஸ் விடுதியில் நடைபெறுவது வழக்கம்.

2004இல் ஏற்பட்ட தீ விபத்தில் கூரையும் மேல்தளமும் பெரும் சேதமடைந்தன. பழம்பொருட்களில் பெரும்பாலானவை காப்பாற்றப்பட்டன. கட்டடம் பழைய வடிவிலேயே சீரமைக்கப்பட்டு 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை

எல்லா மதுவிடுதிகளுக்கும் இத்தகைய பாதுகாப்பு கிடைப்பதில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மது, உயரும் வாடகை, மாறிய பழக்கங்கள் ஆகியவற்றால் பல கிராமங்கள் தம் ஒரே விடுதியை இழந்துள்ளன. இதற்கு மாற்றாகச் சில ஊர்களில் மக்களே பங்குகள் வாங்கி விடுதியை நடத்துகின்றனர். கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் உள்ள ஓல்ட் கிரவுன் விடுதி 2003இல் இவ்வாறு கூட்டுறவு உடைமையானது. விற்பனைக்கு வரும் விடுதியை வாங்க ஊர்ச் சமூகத்திற்குக் கால அவகாசம் தரும் வழியை 2011ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் ஏற்படுத்தியது.

பொதுமக்களுக்காகத் திறந்த வீடு என்ற பழைய பெயர், இவ்விடங்களில் பொதுமக்களுக்கே சொந்தமான வீடு என்ற பொருளையும் பெற்றுள்ளது.