அரிசி மண்டியில் பிறந்த மெழுகுவர்த்தி

பகல் வியாபாரம் ஓய்ந்ததும் கைபேசியில் பங்கு விலை பார்க்கும் அன்பர்கள் இன்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் உண்டு. அதில் சிவப்பும் பச்சையுமாய் நிற்கும் மெழுகுவர்த்திகள் நம் தொழிலைச் சேர்ந்தவைதாம். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜப்பானிய அரிசி வியாபாரி முனேஹிசா ஹோம்மாவின் பெயரோடு சேர்த்தே இம்முறையைச் சொல்வது வழக்கம்.

கடை திறந்தபோது என்ன விலை, சாத்தும்போது என்ன விலை? இந்த இடைவெளிதான் வர்த்தியின் உடல். மேலும் கீழும் நீளும் திரி அன்றைய உச்சமும் தாழ்வும். இறங்கிய சந்தையில் ஒரு நீண்ட சிவப்பு, மறுநாள் சிறு உடல், மூன்றாம் நாள் நீண்ட பச்சை என்று வந்தால் அது 'விடிவெள்ளி'. விற்பவர் கை ஓய்ந்து, வாங்குபவர் கை ஓங்குகிறது என்று கொள்வார்கள்.

2020 மார்ச் 23இல் நிஃப்டி சுமார் 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தது. மறுநாள் 7,511 வரை இறங்கி, தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே 7,801இல் நின்றது. 25ஆம் தேதி 8,317. அதன்பின் ஏற்றந்தான்.

ஆனால் பொய்த்த விடிவெள்ளிகளும் ஏராளம். பங்கு முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் மூன்றாண்டுகளில் நஷ்டப்பட்டதாக 2024இல் செபி கணக்குக் காட்டியது. மண்டிக்குக் கட்ட வேண்டிய சரக்குப் பணம் இதற்கு ஆகாது. கைப்பணத்தில் வாங்குபவரும் மூன்றாம் வர்த்தி முடியும்வரை பொறுப்பார். நடு வர்த்தியின் தாழ்வுக்குக் கீழே விலை போனால் அன்றே விற்று விலகுவார்.